வீட்டு மீன்குளத்திற்கு வீழ்நீர் அமைத்தல்

மலைநாட்டில் நீர் மேலிருந்து விழுவது புதுமையன்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஊற்று நீரைப் பீலி வழியாக இறக்கிக் குளிப்பதும் குடிநீர் பிடிப்பதும் நெடுங்கால வழக்கமாகும். அந்நீரில் ஒரு பங்கை வீட்டின் பின்புறத்திலுள்ள சிறு மீன்குளத்தில் விழச்செய்தால் மீன் செழித்து வளரும் என்று கமக்காரர் பலர் கருதுகின்றனர். இக்கருத்து ஓரளவிற்கே பொருந்தும். வீழ்நீரால் எவ்வேளையில் நன்மை உண்டாகும், எவ்வேளையில் தீமை உண்டாகும் என்பதை அறிந்த பின்னரே அதனை அமைத்தல் வேண்டும்.

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனையாகும். குளிர்ந்த நீர் ஒட்சிசனை மிகுதியாக ஏற்கும். ஆனால் உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதால் அந்த அளவும் குறையும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 15 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் இலீற்றருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஒட்சிசனையே வளியிலிருந்து பெற்று நிறைவடையும்; கடல் மட்டத்தில் இதே நீர் 10 மில்லிகிராம் பெறும். கெண்டை மீனுக்கு 5 மில்லிகிராம் இருப்பது நன்று. 3 மில்லிகிராமுக்குக் கீழே அது துன்புறும். ஆகவே தெளிந்த, மீன் குறைந்த குளத்திற்கு வீழ்நீர் அவசியமே இல்லை.

அவசியம் ஏற்படுவது பச்சை நிறம் படிந்த குளத்திலாகும். சாணம், சமையற் கழிவு, கோவா இலை முதலியவை இடப்படும் குளத்தில் நுண்பாசி பெருகும். பகலில் அப்பாசி ஒட்சிசனை வெளிவிடும். இரவில் மீனைப்போலவே அதுவும் ஒட்சிசனை உட்கொள்ளும். இதனால் விடியற்காலையில் ஒட்சிசன் மிகக் குறைந்துவிடும். விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின் அதுவே அடையாளமாகும். நாள் முழுவதும் மப்பு மூடிக் காற்றும் அசையாதிருந்தால் பாசி பகலிலும் போதிய ஒட்சிசனை உண்டாக்காது; அதற்கடுத்த விடியற்காலையே மிகவும் ஆபத்தானது.

விழும் நீர் ஒட்சிசனைப் புதிதாகப் படைப்பதில்லை. சிதறும்போது வளியோடு கூடுதலாகத் தொடர்புற்று, குறைவை நிரப்பிக்கொள்கிறது. மிகுதியிருப்பின் அதனை வளிக்கே திருப்பிக் கொடுத்தும்விடுகிறது. வெயில் நேரத்தில் பச்சைக் குளத்து நீரில் ஒட்சிசன் நிறைவளவைக் கடந்து நிற்பதுண்டு. அவ்வேளையில் குளத்து நீரையே இறைத்து விழச்செய்தால் சேமிப்பு வீணாகும். விருந்தினர் கண்டு மகிழப் பகலில் ஓடவிட்டு இரவில் அடைத்துவைக்கும் வீழ்நீர், மீனுக்குப் பயனற்றதென்றே கொள்ளவேண்டும். அது நள்ளிரவிலிருந்து சூரியன் எழும்வரை ஓடுதல் வேண்டும்.

இரண்டாவது இடையூறு குளிர். 15 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குளம் ஏறத்தாழ 12,700 இலீற்றர் நீர் கொள்ளும். 10 இலீற்றர் வாளியை 20 விநாடியில் நிரப்பும் பீலி, ஒரு நாளில் 43,000 இலீற்றருக்கு மேல் தரும். அதாவது குளத்து நீர் நாளொன்றுக்கு மும்முறைக்கு மேல் மாறிவிடும். வெயிலில் சூடேறிய நீர் வெளியேறிக் குளிர் நீர் அவ்விடத்தைப் பிடிக்கும். நீர் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் கெண்டை இரையைக் குறைத்து, வளர்ச்சியிற் பின்தங்கும். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் விரைந்தோடும் நீரைச் சிறு குளங்களிற் செலுத்திக் கெண்டையை நெருக்கமாக வளர்க்கின்றனரே எனக் கேட்கலாம். அங்கே நீரின் வெப்பம் அதற்கு இடமளிக்கிறது, நுவரெலியாவில் அளிக்காது. ஓயாது விழும் குளிர் நீரை விரும்புவது, 1880களில் தோட்டத்துரைமார் மலைநாட்டு ஆறுகளிற் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனேயாகும். அதனை வீட்டுக் குளத்தில் வளர்ப்பது எளிதன்று. 1952இல் இந்நாட்டிற்கு வந்த திலாப்பியா மீனோ வெப்பத்தை விரும்புவது. உயர்ந்த தோட்டங்களுக்கு அது ஏற்றதன்று.

ஆகவே குளத்திற்குச் செல்லும் குழாயில் அடைப்பான் ஒன்று பொருத்துதல் இன்றியமையாதது. பகலில் வாளி நிறையப் பத்து நிமிடம் செல்லும் அளவிற்கு மெல்லிய ஒழுக்கு போதும். மப்பு நாட்களில் நள்ளிரவுக்குப்பின் முழுவதும் திறக்கலாம். தை, மாசி மாதங்களில் பனி உறையும் இரவுகளில் திறக்க வேண்டியதில்லை. குளிரில் மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசனும் குறைவேயாம்.

ஊற்று நீரை நேரே குளத்தில் விடுவதாயின் வீழ்ச்சிக்கு வேறொரு பயனுமுண்டு. நிலத்தடியிலிருந்து வெளிவரும் நீரில் ஒட்சிசன் குறைந்தும், காபனீரொட்சைட்டு மிகுந்தும் இருக்கலாம். வாய்க்காலில் துருநிறப் படிவு காணப்படின் இரும்பும் உண்டு. அத்தகைய நீரைக் குளத்திற்கு வெளியே ஒரு சிறு குழியில் விழச்செய்து, படிவு தங்கிய பின்னர் உள்ளே விடுதல் நன்று.

அமைக்கும் முறை கடினமன்று. வழவழப்பான சீமெந்துச் சரிவில் வழுக்கிவரும் நீர் வளியைச் சிறிதே ஏற்கும். நான்கு அடி உயரம் கிடைக்குமாயின் ஓரடிக்கு ஒன்றாகத் தட்டையான கருங்கற்களைப் படியாக அடுக்கி, நீரை அகலமாகப் பரப்பி, ஒவ்வொரு படியிலும் சிதறச் செய்யவேண்டும். மலைச்சரிவு வயல்களில் வரம்புக்கு வரம்பு நீர் இறங்குவதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நீர் இறுதியாக விழும் இடத்தில் ஒரு பெரிய கல்லை இடாவிடின் அடிச்சேறு கலங்கும், அணையும் அரிக்கப்படும். நீர் வெளியேறும் வழி எதிர்முனையில் இருத்தல் வேண்டும்.

பெரும்பாலோர் கவனியாது விடுவது கற்களின் பின்னே நிகழும் கசிவாகும். கற்களை அடுக்குமுன் தடித்த பொலித்தீனை விரித்து, இரு ஓரங்களையும் ஓரடி உயர்த்தி மண்ணுள் புதைக்கவேண்டும். இது குளத்து நீர் குறைவதைத் தடுப்பதற்கு மட்டுமன்று. சரிவு நிலத்தில் ஓயாது கசியும் நீர் மண்ணைக் கனமாக்கித் தளரச்செய்யும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் பெருமழையின்பின் மலைச்சரிவு சரிந்து லயங்களை மூடிய துயரம் யாவரும் அறிந்ததே. லயத்திற்கோ வீட்டிற்கோ மேற்பக்கச் சரிவில் குளம் வெட்டலாகாது. நிலத்தில் வெடிப்போ புதிய ஊற்றோ தென்பட்டால் உடனே நீரை அடைத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு அறிவித்தல் வேண்டும்.

நீர் எவ்வழியாக வருகிறது என்பதும் முக்கியம். தேயிலையில் 1946இல் இந்நாட்டிற்குள் புகுந்த கொப்புள நோய்க்கும், உருளைக்கிழங்கின் வெளிறல் நோய்க்கும் செப்பு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. மலை ஓடைகளின் மென்னீரில் செம்பின் நஞ்சு மீனுக்குக் கடுமையாகும். பீடைநாசினிகள் பல அதனிலும் கொடியவை. மருந்து தெளித்த நிலத்தினூடாக வரும் வாய்க்கால் எவ்வளவு அழகாக விழுந்தாலும் குளத்திற்கு உதவாது. பெருமழை தொடங்கியதும் அடைப்பானை மூடிவிடுதல் பாதுகாப்பானது. தெளிகருவியைக் குளத்தருகே கழுவுவதும் கூடாது.

பீலி நீர் கிட்டாதவர்கள் சிறு மின்பம்பியால் குளத்து நீரையே சுற்றிவரச் செய்யலாம். இதனால் புதிய குளிர் நீர் சேர்வதில்லை. செலவு மட்டுமே உண்டு. மின்கம்பி நீரருகே செல்வதால் ட்ரிப் சுவிச்சு இன்றி இதனைப் பொருத்துவது உயிருக்கு ஆபத்தாகும்.

தோட்ட நிலத்தில் ஓடையிலிருந்து நீரைத் திருப்புமுன் நிர்வாகத்தின் அனுமதி பெறவேண்டும். கீழேயுள்ள லயத்தார் பிடிக்கும் குடிநீரிலிருந்து பங்கெடுப்பதும், குளத்துக் கழிவுநீரை அவர்களது பீலிக்கு மேலே ஓடையில் விடுவதும் சண்டைக்கும் நோய்க்கும் இடமாகும். அந்நீரை மரக்கறிப் பாத்திக்குப் பாய்ச்சுக; வலப்பனை, ஹங்குரன்கெத்தைப் பகுதிகளில் உள்ளோர் நெல்வயலுக்கு விடலாம். மீனின் கழிவிலுள்ள தழைச்சத்து பயிருக்குச் சேரும். வெளிவழியில் நெருங்கிய வலையைக் கட்டுதல் வேண்டும். வளர்ப்பு மீன் தப்பி ஓடையை அடைந்தால் அங்குள்ள நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும்.