நாயின் மூட்டில் முள் தைத்தால்

பேரீச்சை மட்டையின் அடிப்பகுதியில் உள்ள ஓலைகள் கூரிய முட்களாக மாறியிருக்கும். வெட்டிய மட்டைகள் கிடக்கும் தோட்டத்தில் ஓடும் நாயின் முழங்காலிலோ முன்கால் மணிக்கட்டிலோ அத்தகைய முள் தைத்து, மூட்டின் உறையைத் துளைத்துவிடக்கூடும். பூனை அல்லது மற்றொரு நாயின் கடியாலும் இது நேரும். (தோட்டப் பணியாளரின் விரல், முழங்கால் மூட்டுகள் இம்முள்ளால் வீங்குவதையும் மருத்துவர்கள் நன்கறிவர்.)

தோலில் உண்டாகும் துளை சிறியது. ரோமம் அதை மறைக்கும். ஓரிரு நாளில் அது மூடிக்கொள்ளும். உள்ளே சென்ற பாக்டீரியாவோ மூட்டுநீரில் பெருகும். அதனை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. அரிக்கப்பட்ட குருத்தெலும்பு முன்போல் வளர்வதில்லை. எனவே, சில நாள் தாமதமும் நிரந்தர நொண்டலில் முடியலாம்.

ஒரு காலை மட்டும் திடீரென ஊன்றாமை, மூட்டில் வீக்கம், சூடு, தொட்டால் வலி ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமலும் இத்தொற்று இருக்கும்.

கால்நடை மருத்துவர் ஊசியால் மூட்டுநீரை எடுத்துச் சோதிப்பார். முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் சில வேளை உதவும். முள்முனை உள்ளே தங்கினால், மருந்தால் தணிந்த வீக்கம் மருந்தை நிறுத்தியதும் திரும்பும். ஆகையால் முள்ளை அகற்றி மூட்டைக் கழுவ நேரலாம். ஆன்டிபயாடிக் மருந்து பல வாரங்கள் தேவைப்படும். நொண்டல் நின்றுவிட்டது என்பதற்காக அதை இடையில் நிறுத்துதல் கூடாது.

வீட்டிலுள்ள பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் ஆபத்தானது. மூட்டின் மேல் ஆழமாகத் தைத்த முள்ளைக் குடைந்தெடுக்கவும் முயலவேண்டாம். அது உள்ளேயே முறியக்கூடும். கடிக்காயமாயின் நாயின் தடுப்பூசி அட்டையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்க. மனிதரையும் கடித்திருந்தால், காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2016ஆம் ஆண்டு 22ஆம் எண் கூட்டாட்சிச் சட்டப்படி, பொது இடங்களில் நாயை வாரில் கட்டியே நடத்தவேண்டும். பிறருடைய பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட விதியாயினும், முள் மட்டைகளிலிருந்தும் தெருப் பூனைகளிலிருந்தும் நாயை விலக்கி வைப்பதும் அந்த வாரே.

பணிபுரியும் இல்லத்தின் நாயைப் பராமரிப்போர், அது நொண்டுவதைக் கண்ட அன்றே உரிமையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். வாய்மொழியாகக் கூறினாலும், வீங்கிய மூட்டின் படத்துடன் கைப்பேசியில் ஒரு செய்தியும் அனுப்புவது நன்று. நொண்டல் தொடங்கிய நாளை மருத்துவர் முதலில் கேட்பார். அச்செய்தியில் அது பதிவாகியிருக்கும்.