நடக்காத மரணங்களின் கணக்கு: டொக்டர் மேரி ரட்ணத்தை ஏன் நினைக்க வேண்டும்?

2009இல் நாங்கள் வன்னியிலிருந்து வெளியேறியபோது அம்மாவின் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதற்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், தம்பியின் கிளினிக் கொப்பி. நகையும் பாத்திரமும் வழியில் போய்விட்டன. கொப்பி மட்டும் நனையாமல் முகாம்வரை வந்தது.

முகாமில் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தவர் எங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர். அவரும் எங்களைப் போலவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தான். நாங்கள் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். கொப்பியை விரித்து, எந்த ஊசி தவறியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். “இவனுக்கு இது ஒண்டுதான் விடுபட்டிருக்கு, பயப்பிடாதேங்கோ” என்று அம்மாவிடம் சொன்னார்.

மிஸ் கடந்த வருடம் காலமானார். வாரநாட்களில் சைக்கிளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் முன்வரிசையிலும் அவரைப் பார்த்துப் பழகிய ஊர், நினைவு ஆராதனைக்குத் திரண்டு வந்தது. விரும்பியவர்கள் அவரைப் பற்றிப் பேசலாம் என்றார் போதகர். எழும்பியவர்கள் எல்லோரும் சின்ன விடயங்களையே சொன்னார்கள். “என்ர பிள்ளையை மாதாமாதம் நிறுத்துப் பார்த்தவ.” “திரிபோசா வாங்கப் போகாட்டி வீட்டுக்கு வந்து ஏசுவா.” “கிணத்தை மூடி வையுங்கோ எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா.” ஒருவர்கூட ‘அவர் என் உயிரைக் காப்பாற்றினார்’ என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. காய்ச்சல் வந்து மாறியவருக்கு வைத்தியர் யார் என்று தெரியும். வராமலேயே போன காய்ச்சலுக்கு யாருக்கு நன்றி சொல்வது?

பொதுச் சுகாதாரப் பணியின் இயல்பே இதுதான். அதன் வெற்றி என்பது நடக்காத ஒரு மரணம். அதற்குப் பெயர்ப்பட்டியலும் இல்லை, நினைவுத் தூணும் இல்லை. மிஸ்ஸைப் பற்றி ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்த நான், இந்தப் பாதையில் அவருக்கு முன்னே நடந்தவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன். அப்படித்தான் டொக்டர் மேரி ரட்ணத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு திருமணமும் மூடப்பட்ட கதவும்

மேரி 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள எலோரா என்ற ஊரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் ரொறொன்ரோவில் படித்து வைத்தியரானார். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மருத்துவப் பணி செய்வதற்கென அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவு செய்தது. ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிப் பெண்கள் வீட்டிலேயே இறந்துபோன காலம் அது.

இலங்கைக்கு வருமுன், 1896இல், அவர் இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. ரட்ணத்தைத் திருமணம் செய்துகொண்டார். வெள்ளைக்கார மிஷன் வைத்தியர் ஒருவர் சுதேசியை மணப்பதை மிஷனால் ஏற்க முடியவில்லை. தமிழர்களுக்குச் சேவை செய்யலாம், ஆனால் தமிழர் ஒருவரின் மனைவியாக இருந்துகொண்டு செய்ய முடியாது என்பதே அந்த முடிவின் அர்த்தம். மிஷன் கைவிட்டது. மேரி தன் விசுவாசத்தையும் விடவில்லை, வந்த வேலையையும் விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கான வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, பின்னர் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். தன் எஞ்சிய வாழ்நாளை அவர் இந்தத் தீவிலேயே கழித்தார்.

மருந்துக்கு முன்னால் உள்ளவை

வைத்தியர் என்ற முறையில் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். தன்னிடம் வரும் பெண்களின் வருத்தங்களில் பல, மருந்தால் மட்டும் தீரக்கூடியவை அல்ல. வறுமை, இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவம், சுத்தமில்லாத தண்ணீர், கணவனின் குடி, படிப்பின்மை என்று அவற்றின் வேர்கள் வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் இருந்தன. ஆகவே அவர் மேசையை விட்டு எழும்பி வெளியே போனார்.

பாடசாலைகளுக்கான சுகாதார நூல்களையும் மனையியல் நூல்களையும் எழுதினார். மதுவிலக்கு இயக்கத்திலும் கிறிஸ்தவப் பெண்கள் அமைப்புகளிலும் உழைத்தார். 1909இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லே சபைகளில் கூசிய 1930களில் அதைப்பற்றி வெளிப்படையாகப் பேசினார். எதிர்ப்புகள் வந்தன. பெண்ணின் உடல்நலம் பற்றிய கேள்வியில் அவர் பின்வாங்கவில்லை.

அவரது பணிகளில் அதிகம் நிலைத்தது 1930இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமித்தி. கனடாவில் கிராமப் பெண்களுக்காக இயங்கிய மன்றங்களை அவர் அறிந்திருந்தார். அதே முறையை இங்கே கொண்டுவந்தார். ஒரு கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடுவார்கள். தையல், நெசவு, வீட்டுத்தோட்டம், பிள்ளை வளர்ப்பு, சத்துணவு, கிணற்றுச் சுத்தம் ஆகியவற்றைக் கற்றுக்கொள்வார்கள். தங்கள் ஊருக்கு எது தேவை என்று தாங்களே பேசி முடிவெடுப்பார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து புத்திமதி சொல்லிவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு எத்தனையோ ‘விழிப்புணர்வுச் செயலமர்வுகள்’ வந்து போயின. தேநீரும் வடையும் தந்து கையொப்பம் வாங்கிக்கொண்டு போனவர்களை நாம் அறிவோம். பெண்களிடம் முதலில் கேட்டவர்கள் குறைவு.

வாக்கும் சுகாதாரமே

1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் மேரி ரட்ணம் முன்னின்றார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் அந்தச் சங்கம் சாட்சியமளித்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற தமிழ்த் தலைவர்களே பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதிட்ட காலம் அது. இறுதியில் 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1931இல் நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாடு பகிஷ்கரித்ததால், யாழ்ப்பாணத்துப் பெண்கள் அந்த உரிமையைப் பயன்படுத்த 1934 இடைத்தேர்தல்வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒரு வைத்தியருக்கு வாக்குரிமையோடு என்ன வேலை? குடிதண்ணீர், வடிகால், பிரசவ விடுதி எல்லாம் சபைகளின் வாக்கெடுப்பில் முடிவாகும் விடயங்கள். அந்த வாக்கெடுப்பில் பெண்ணுக்கு இடமில்லையென்றால் அவளது தேவைக்கும் இடமில்லை. 1937இல் மேரி ரட்ணம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபையின் முதல் பெண் உறுப்பினர் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றின் பேரில் அந்தப் பதவி அவரிடமிருந்து பறிபோனது. வேலை நிற்கவில்லை.

யாருடைய சாதனை?

இன்றைய குடும்பநலச் சேவையை மேரி ரட்ணம்தான் உருவாக்கினார் என்று நான் சொல்லவரவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்துவந்த அரச கட்டமைப்பு அது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது அதன் பொதுவான அளவுகோல். கர்ப்பிணியைப் பதிவதிலிருந்து பிள்ளைக்கு ஊசி போடும் நாள்வரை வீட்டுப் படலையடிக்கே சுகாதாரம் வரவேண்டும் என்பது அதன் அடிப்படை.

1930களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். 1934-35 மலேரியா மட்டும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. இன்று தாய் மரணம் ஒரு இலட்சத்துக்கு ஏறத்தாழ 30 என்ற அளவில் இருக்கிறது. மருந்தும் வைத்தியசாலையும் இதற்குக் காரணம். ஆனால் மருந்து வேலை செய்வதற்கு, பெண் படித்திருக்க வேண்டும், வீட்டார் அவளைக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும், வாசலுக்கு வருபவரை ஊர் நம்ப வேண்டும். மேரி ரட்ணமும் அவரோடு உழைத்த பெண்களும் பண்படுத்தியது அந்த மண்ணைத்தான்.

1958இல், றமோன் மக்சைசாய் விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டிலேயே, பொதுச் சேவைக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 85 வயது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் தமிழர்களுக்கு எதிரான வன்முறை தெற்கில் மூண்டது. தமிழ்ப் பெயரைத் தாங்கிய ஒரு பெண், இலங்கை மக்களுக்குச் செய்த சேவைக்காக உலகம் அறிய மதிக்கப்பட்ட வருடமும், அந்தப் பெயர்களுக்காகவே மக்கள் தாக்கப்பட்ட வருடமும் ஒன்றுதான். 1962இல் அவர் காலமானார்.

நாங்கள் இறந்தவர்களை நினைக்கப் பழகிய சமூகம். மே மாதத்தில் விளக்கேற்றுகிறோம், கஞ்சி காய்ச்சுகிறோம். அது எங்கள் கடமை, அது தொடர வேண்டும். அதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பங்கர்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் பிறந்து, இன்றைக்குப் பதின்ம வயதைத் தாண்டி நிற்கும் பிள்ளைகளின் கணக்கு. அவர்களில் பலர் உயிரோடு இருப்பதற்குப் பின்னால், சம்பளம் வருமா என்று தெரியாமலே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே இடம்பெயர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார்கள். சிலர் போய்விட்டார்கள். அவர்களது அனுபவங்களை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் ஊர் மிஸ் இன்னும் இருந்தால், ஒரு பின்னேரம் போய் இருந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

தம்பியின் கிளினிக் கொப்பி இன்னும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. முகாமில் போட்ட ஊசிக்கு நேரே, நீல மையில், மிஸ்ஸின் சிறிய கையொப்பம் அழியாமல் கிடக்கிறது.