கிழட்டுக் குதிரைக்குப் புது லாடம்

நம் ஊர்களில் வோல்வோ என்று சொன்னால், இரவு நேரத்தில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஓடும் பெரிய பஸ்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். அதே பெயரை ஸ்வீடன் தேசத்தாரிடம் சொன்னால், அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவது வேறு. பெட்டியைப் போல் சதுரமாய், பின்புறம் நீண்டு, மேஜை நாற்காலி முதல் நாய்க்குட்டி வரையில் சகலத்தையும் ஏற்றிக்கொள்ளும் குடும்ப வண்டி அது. ஆங்கிலேயர் அதை 'எஸ்டேட்' என்பார்கள். அமெரிக்கர் 'வாகன்' என்பார்கள். 1927-ல் கோதன்பர்க் நகரில் முதல் வண்டியை வெளியிட்ட அந்தக் கம்பெனி நெடுங்காலமாகப் பெயரெடுத்தது உறுதிக்கும் பத்திரத்துக்குமே தவிர, வேகத்துக்கு அல்ல. பஸ் செய்யும் வோல்வோவும் கார் செய்யும் வோல்வோவும் இன்று வெவ்வேறு என்பதையும் சொல்லிவிடுவோம். கார்ப் பகுதி 1999-ல் அமெரிக்காவின் போர்டு கம்பெனிக்குப் போயிற்று. 2010-ல் சீனத்துக் கீலி கம்பெனியின் கைக்கு மாறிற்று.

இப்படிப்பட்ட சாதுவான வண்டி 1994-ல் ஒரு வேடிக்கை செய்தது. பிரிட்டனில் நடக்கும் புகழ்பெற்ற கார்ப் பந்தயத்தில், மற்றக் கம்பெனிகள் சாதாரணக் கார்களை நிறுத்தியிருக்க, வோல்வோக்காரர்கள் '850' என்னும் தங்கள் எஸ்டேட் வண்டிகள் இரண்டைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஸ்வீடன் தேசத்து ரிக்கார்டு ரைடலும், ஹாலந்து தேசத்து யான் லாமர்ஸும் அவற்றை ஓட்டினார்கள். மளிகைக் கடைக்குப் போகிற வண்டி பந்தயத்துக்கு வந்துவிட்டதே என்று ஜனங்கள் சிரித்தார்கள். வோல்வோக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்து, ஒரு தடவை பந்தயத்துக்கு முந்திய பவனியில் வண்டியின் பின்புறத்தில் பெரிய பொம்மை நாய் ஒன்றை உட்கார வைத்தார்கள்! அவ்வருஷம் ஒரு பந்தயத்திலும் அவ்வண்டிகள் ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷம் எஸ்டேட்டை விட்டுச் சாதாரணக் காருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் குடும்ப வண்டியும் பாய்ந்து ஓடலாம் என்னும் எண்ணம் ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. 1995-ம் வருஷ மாடலாக 'டி-5ஆர்' வந்தது. 2.3 லிட்டர் யந்திரம், ஐந்து சிலிண்டர், இருபது வால்வு, டர்போ ஊதி, சுமார் 240 குதிரைச் சக்தி. வெண்ணெய் போன்ற மஞ்சள் நிறத்தில் வந்த அந்த வண்டிகளுக்கு இன்றும் தனி மவுசு உண்டு. மறு வருஷம் '850 ஆர்' என்னும் தம்பியும் பிறந்தான்.

அந்த வண்டிகளுக்கு இப்போது முப்பது வயது ஆகிறது. மனிதனுக்கு முப்பது வயது யௌவனம். மோட்டாருக்கு அது தள்ளாமை. தொழிற்சாலைக்குக் கொண்டுபோனால், கூலி மட்டுமே வண்டியின் விலையை எட்டிவிடும். சில உதிரிப் பாகங்களைக் கம்பெனி செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே, உடையவர்கள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே ஸ்பானரைப் பிடிக்கிறார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் பரம்பரைக் கருமார் அல்லவே, இந்தத் தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். கோதன்பர்க்குக்கு அருகிலுள்ள நேஸ் என்னும் ஊரில், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்டோ சாலமன் என்பவர் உபாத்தியாயர்களுக்கு 'ஸ்லாய்டு' என்னும் கைவேலைக் கல்வியைக் கற்பித்தார். பல தேசத்து உபாத்தியாயர்கள் அங்கே வந்து மரவேலை பழகிப் போனார்கள். இன்றும் ஸ்வீடன் பள்ளிகளில் ஆண், பெண் எல்லாக் குழந்தைகளும் கைவேலை கற்றே தீர வேண்டும். 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் செய்தார்கள், நாம் மாநாடு கூட்டினோம். போகட்டும், வண்டிக்கு வருவோம்.

பழைய வேக வண்டியை வாங்கியவனுக்கு முதலில் உண்டாகும் ஆசை, இன்னும் வேகம் கூட்ட வேண்டும் என்பது. நம்முடைய அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. அந்த வண்டி முதலில் மூச்சுவிடக் கற்க வேண்டும்.

யந்திரத்தின் அடிவயிற்றில் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது, எரிந்த வாயுவில் கொஞ்சம் பக்கவாட்டில் நழுவி அந்த அடிவயிற்றில் இறங்குகிறது. அதை வெளியேற்றி, எண்ணெயைப் பிரித்து, மறுபடி யந்திரத்துக்கே உறிஞ்சக் கொடுப்பதற்காக, காற்று உட்புகும் குழாய்த் தொகுதிக்கு அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியும் சில ரப்பர்க் குழாய்களும் உண்டு. வருஷக் கணக்கில் எண்ணெய்க் கசடு படிந்து இவை அடைத்துக்கொள்கின்றன. வெளியே போக வழியில்லாத வாயு என்ன செய்யும்? பலவீனமான இடத்தைத் தேடி, எண்ணெய் சீல்களைப் பிதுக்கித் தள்ளுகிறது. பின்பக்கத்துச் சீல் போய்விட்டால், அதை மாற்றக் கியர் பெட்டியையே கீழே இறக்க வேண்டும்! சில ரூபாய் பெறும் ரப்பர் வளையத்துக்காக இரண்டு நாள் உழைப்பு.

இந்த அடைப்பைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கும் சோதனை மிகவும் எளிது. யந்திரம் சூடேறி நின்றபடி ஓடும்போது, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் மெல்லிய ரப்பர்க் கையுறை ஒன்றை மாட்டுகிறார்கள். கையுறை உள்ளே உறிஞ்சப்பட்டால் க்ஷேமம். ஐந்து விரலும் விறைத்து, ஆசீர்வாதம் செய்வது போல் எழுந்து நின்றால், அது ஆசீர்வாதமல்ல, எச்சரிக்கை! பிறகு அந்தக் குழாய்த் தொகுதியைக் கழற்றி, பெட்டியையும் குழாய்களையும் புதிதாக மாற்றி, யந்திரத்தின் உடலில் உள்ள துவாரங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடிக்கும் வேலை. வேகம் ஒரு மைலும் கூடாது. ஆனால் இதைச் செய்யாமல் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிறவன், கொதிக்கும் சட்டியின் மூடியை அழுத்திப் பிடிக்கிறவனே.

முன்பக்கத்துச் சீல் கசிந்தால் வேறொரு அபாயமும் உண்டு. அந்த எண்ணெய், பல் வைத்த டைமிங் பெல்ட்டின் மேல் வழிந்து ரப்பரைக் கெடுக்கிறது. வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று யந்திரத்துக்குத் தாளம் போடுவது இந்தப் பெல்ட்தான். சில யந்திரங்களில் அது அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவே. இதில் அப்படியல்ல; திறந்திருக்கும் வால்வுகளைப் பிஸ்டன் வந்து மோதி வளைத்துவிடும். தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால், விவரம் தெரிந்தவர்கள் பெல்ட், பம்பு, உருளைகள் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிடுகிறார்கள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் எண்ணெய் நிறைந்த இறுக்கியை, 'வைஸ்' என்னும் பிடிப்புக் கருவியில் வைத்து, நிமிஷக் கணக்கில் மெல்ல மெல்ல நெருக்கி, ஓர் ஆணியைச் செருக வேண்டும். அவசரப்பட்டால் உள்ளேயிருக்கும் சீல் கெடும். பெல்ட்டைப் போட்ட பிறகு, சாவியைத் திருப்பாமல், ஸ்பானரைக் கொண்டு கையாலேயே யந்திரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் பொருந்தி நிற்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பொருந்தினால் சாவி, பொருந்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இதெல்லாம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், அங்கேயும் ஒரு தொல்லை. தூரம் காட்டும் மீட்டரில் உள்ள சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பற்சக்கரம் வயதாகி உடைந்துபோகிறது. வண்டி ஓடும், எண் நகராது. ஆகையால், பழைய 850 வாங்குகிறவர் மீட்டரை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. ரசீதுகளைக் கேட்க வேண்டும்.

பின்புறம் தாழ்ந்து தரையை நோக்கும் வண்டிகளும் உண்டு. பாரம் ஏற்றினால் தானே நிமிர்ந்துகொள்ளும் விசேஷ ஷாக் அப்சார்பர்கள் பலவற்றில் பொருத்தப்பட்டிருந்தன. அவை ஓய்ந்தால் புதியவற்றின் விலை கண்ணைக் கட்டும். பலர் சாதாரண ஷாக் அப்சார்பரையும் கெட்டியான ஸ்பிரிங்கையும் போட்டுவிடுகிறார்கள். நல்ல மாற்றமே.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. குழந்தைகளும் பெரியவர்களும் ஏறும் வண்டி. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் சீக்கிரம் கொதித்துக் குமிழிவிடும். அப்போது பெடலை அழுத்தினால் கால் தரைக்குப் போகுமே தவிர வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கொரு முறை அதை மாற்றியே ஆக வேண்டும். முன் சக்கரத்து 280 மில்லிமீட்டர் டிஸ்க்குகளுக்குப் பதில், அதே கம்பெனியின் பிற்கால வண்டிகளில் வந்த 302 மில்லிமீட்டர் டிஸ்க்குகளைப் பொருத்துவது பிரசித்தமான மேம்பாடு. 15 அங்குலச் சக்கரத்துக்குள் அவை அடங்கா. சக்கரத்தையும் பெரிதாக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பெட்டி, 1996-க்குப் பிந்திய வண்டிகளில், உள்ளேயுள்ள ஈயப்பற்றுகள் உஷ்ணத்தால் விரிசல் கண்டு செயலற்றுப் போவதுண்டு. புதுப் பெட்டிக்குப் பெரும் பணம். மூடியை அறுத்துத் திறந்து, விரிந்த பற்றுகளை மறுபடி சோல்டர் செய்து மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். கை நடுங்காதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறோம். எந்த வேலையானாலும், வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் வண்டிக்கடியில் தலையை நீட்டலாகாது. இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே படுக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம். டர்போவுக்குச் செல்லும் பழைய ரப்பர்க் குழாய்களின் வெடிப்புகளை மாற்றினாலே, எங்கோ ஒளிந்திருந்த குதிரைகள் பல லாயத்துக்குத் திரும்பிவிடும். அதுவும் போதாதென்றால், யந்திரத்தை ஆளும் மின்பெட்டியில் உள்ள 'சிப்' என்னும் சில்லை எடுத்து, வேறு கணக்கு எழுதிய சில்லைப் பொருத்துகிறார்கள். டர்போ இன்னும் பலமாக ஊதும். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்குத் தக்கபடி கூட வேண்டும். கூடாவிட்டால் சிலிண்டருக்குள் அகால வெடிப்பு உண்டாகிப் பிஸ்டன் உடையும். அளவுக்கு மீறி ஆசைப்பட்டால் பிஸ்டனைத் தாங்கும் தண்டும் வளைந்துபோகும். கிளட்ச்சும் வழுக்க ஆரம்பிக்கும். கம்பெனி கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூட்டி, அதோடு நிறுத்திக்கொள்ளுகிறவர்களின் வண்டிதான் மறு குளிர்காலத்திலும் ஓடுகிறது. கழற்றிய பழைய சில்லை அவர்கள் எறிவதில்லை. சிறு டப்பியில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறார்கள். வண்டி முரண்டு பிடித்தால் அரை மணியில் அதை மறுபடி பொருத்தி, குற்றம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளலாம்.