ஆயில் எஞ்சின் சூடேறினால் என்ன செய்யலாம்?

கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கி, மணமேல்குடி வட்டாரங்களில், சம்பா நெல் கதிர் விடும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் எட்டாமல் போவதுண்டு. அப்போது கண்மாயில் கிடக்கும் நீரை வயலுக்கு இறைக்க ஆயில் எஞ்சினே கை கொடுக்கிறது. அது சூடேறி நின்றுவிட்டால் நெல் பதராகிவிடும்.

நீரால் குளிரும் எஞ்சினுக்குப் பெரும்பாலும் பம்பின் டெலிவரி குழாயிலிருந்தே சிறு குழாய் வழியாக நீர் செல்கிறது. அந்த நீர் வெளியே விழுவதைப் பார்த்தே கோளாறை அறியலாம்.

1. நீர் குறைவாகவும் கொதிநீர் போலவும் விழுந்தால் பாதையில் அடைப்பு உள்ளது. கண்மாய் வற்றும்போது சேறும் பாசியும் ஏறும். எஞ்சின் ஆறியபின் சிறு குழாயையும் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யவும். ஃபுட்வால்வு சேற்றில் புதையாமல் உயர்த்தி வைத்து, சுற்றிலும் கூடை கட்டவும்.

2. நீர் நன்றாக விழுந்தும் எஞ்சின் சுட்டால், முதலில் ஆயில் அளவைப் பார்க்கவும். அது சரியாக இருந்தால், சிலிண்டரைச் சுற்றி உப்புப் படிந்திருக்கலாம். இப்படிவு சூட்டை நீருக்கு விடாது. மெக்கானிக்கைக் கொண்டு அகற்றவும்.

3. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. கேஸ்கெட்டைப் பார்க்கும் வரை எஞ்சினை ஓட்டக்கூடாது.

சூடேறிய எஞ்சின்மீது தண்ணீர் ஊற்றாதீர்கள்; ஹெட் விரிசல் விட்டுவிடும். நிறுத்தித் தானாக ஆறவிடவும்.

எஞ்சினை மிகவும் குளிர்ச்சியாக ஓட்டுவதும் தவறு. டீசல் கூடுதலாகச் செலவாகும்; சிலிண்டரும் தேயும். வெளிவரும் நீர் சுமார் 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு, அதாவது கை பொறுக்காத சூட்டில் இருக்குமாறு வால்வைத் திருகி வைக்கவும்.

நடவு முடிந்ததும் ஒருமுறை இவற்றைச் சரிபார்த்து வைத்தால், தண்ணீர் தேவைப்படும் நாளில் எஞ்சின் காலை வாராது.