கணக்கில் வராத நஷ்டம்
கடலோர நிலங்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கு

திருமுல்லைவாயில் என்ற பெயரில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு உண்டு என்பதை நம் உறுப்பினர்களில் பலர் அறிவர். ஒன்று, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே மாசிலாமணீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் நம் ஊர், சுந்தரர் பாடியது. மற்றொன்று, சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் தென் திருமுல்லைவாயில், சம்பந்தர் பாடியது. அவ்வூர் மக்கள் அதைத் திருமுல்லைவாசல் என்பார்கள்.

நம் ஊருக்கு ஏரி எப்படியோ அப்படித்தான் அந்தக் கடலோரத்துக்குக் கழிமுகமும் சதுப்பும் உப்பளமும். சீர்காழி முதல் நாகை வரையிலான அந்தக் கரையில் 1990-களில் எழுந்த ஒரு தகராறு, டெல்லி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த வழக்கின் கதை வணிகர்களாகிய நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஏனெனில் அதன் மையத்தில் இருந்தது ஒரு கணக்குப் பிரச்சினை: லாபம் ஒருவர் பேரேட்டிலும் நஷ்டம் இன்னொருவர் பேரேட்டிலும் எழுதப்பட்டால் அந்த வியாபாரம் நியாயமானதா என்பது.

நெல் வயல் இறால் குளமான கதை

1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்ட பின், ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய சந்தைகளுக்கு இறால் ஏற்றுமதி பெரும் லாபம் தரும் தொழிலாக வளர்ந்தது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் கடலோர நிலங்களைக் கம்பெனிகள் வாங்கத் தொடங்கின. நெல் விளைந்த வயல்களும் உப்பளங்களும் இறால் குளங்களாயின.

புலி இறாலுக்கு முழு உப்புநீரும் ஆகாது, முழு நன்னீரும் ஆகாது. எனவே கடல்நீரை இறைத்துக் குளத்தில் நிரப்பி, உப்பின் அளவைக் குறைக்க நிலத்தடி நன்னீரையும் உறிஞ்சிக் கலந்தார்கள். குளத்து உப்புநீர் பக்கத்து வயலுக்குக் கசிந்தது. நன்னீர் குறையக் குறைய, குடிநீர்க் கிணறுகளும் உவர்ப்பேறின. தீவன மிச்சமும் மருந்துகளும் கலந்த கழிவுநீர் வாய்க்காலிலும் கழிமுகத்திலும் விடப்பட்டது. மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியைப் பண்ணை வேலிகள் மறித்தன.

சிறு நிலக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் நிலத்தை விற்க விரும்பவில்லை. ஆனால் பக்கத்தில் குளம் வந்துவிட்டால், உப்பேறிய வயலில் நெல் வராது. பிறகு எதிராளி கேட்கும் விலைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. விவசாயக் கூலிகளுக்கும் இதே கதிதான். நடவு, களை, அறுப்பு என்று நூறு கைகளுக்கு வேலை தந்த வயல், குளமான பின் சில காவலாட்களோடு நின்றுவிடும். கூலி வராத வீட்டின் பற்று மளிகைக் கடை நோட்டில் ஏறிக்கொண்டே போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எண்பது வயதில் ஒரு மனு

இதை எதிர்த்து நின்றவர் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன். 1914-இல் பிறந்தவர், வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் உழைத்தவர். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சையையே தம் களமாக்கிக்கொண்டனர். 1981-இல் ‘உழுபவனின் நில உரிமை இயக்கம்’ தொடங்கினர். நிலச்சுவான்தார்களிடம் பேசி, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற ஏழைப் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுப்பது அதன் வழி.

அப்படிப் பாடுபட்டுக் கிடைத்த நிலங்களைச் சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்தால் அவர் சும்மா இருப்பாரா? சத்தியாக்கிரகம் நடத்தினார். 1994-இல், ஏறத்தாழ எண்பது வயதில், தமிழ்நாடு கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். அதன் எண் 561/1994.

வழக்கறிஞர் மேத்தா

அவருக்காக வாதாடியவர் எம்.சி.மேத்தா. 1946-இல் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தாஜ்மகாலைக் கரிப்புகையிலிருந்து காக்க 1984-இல் வழக்குத் தொடுத்தவர். கங்கையில் ஆலைக் கழிவு கலப்பதை எதிர்த்தும் வழக்காடியவர். நம் மாநிலத்தில் பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கிலும் அவரே வழக்கறிஞர். அதன் தீர்ப்பு 28.8.1996 அன்று வந்தது. 1996-இல் கோல்டுமேன் சுற்றுச்சூழல் விருதும், 1997-இல் மகசேசே விருதும் பெற்றார்.

மேத்தாவின் வாதத்துக்குக் கையில் கிடைத்த சட்டம், மத்திய அரசு 19.2.1991 அன்று வெளியிட்ட கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை, கடல்முகம் இன்றியமையாத தொழில்களைத் தவிர மற்றவற்றைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நீதிமன்றம் வாய்ப்பேச்சை மட்டும் நம்பவில்லை. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் சென்று பார்த்து அறிக்கை தரச் சொன்னது. 1995-இல் வந்த அறிக்கையில் வரவும் செலவும் கணக்கிடப்பட்டிருந்தன. ஆந்திரம், தமிழகம் இரண்டிலும் இறால் விற்று வந்த வருமானத்தைவிட நிலத்துக்கும் நீருக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட இழப்பே அதிகம் என்பது அதன் முடிவு.

தீர்ப்பு

11.12.1996 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். அதன் முக்கிய அம்சங்கள் வருமாறு:

கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் உள்ள இறால் பண்ணைகளை 31.3.1997-க்குள் அகற்ற வேண்டும். பழவேற்காடு, சில்கா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள்ளும் அதே தடை. பாரம்பரிய முறையில் இறால் வளர்ப்போருக்கு விலக்கு உண்டு.

விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது.

கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கைப்படி, பாதிக்கப்பட்ட நிலக்காரர்களையும் பிறரையும் கண்டறிந்து, பண்ணைகளிடம் வசூலித்து இழப்பீடு தர ஒரு தனி ஆணையம் அமைக்க வேண்டும்.

வேலை இழக்கும் தொழிலாளிகளையும் நீதிமன்றம் மறக்கவில்லை. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவர்களுக்குச் சட்டப்படியான ஆட்குறைப்பு ஈட்டுத்தொகையுடன் ஆறு ஆண்டுச் சம்பளமும் தர உத்தரவிட்டது.

கடைசியாக, ஏழு கடலோர மாநிலங்களும் தலா 20,000 ரூபாய் வீதம் 1,40,000 ரூபாய் செலவுத்தொகை செலுத்தி, அதை வழக்கு முழுவதும் உதவிய மேத்தாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் கூறியது.

பிறகு நடந்தது

வென்றதோடு கதை முடிந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. பண்ணைக்காரர்கள் மறுஆய்வு மனுப் போட்டனர். இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, 1991 அறிவிக்கையின் தடையிலிருந்து இத்தொழிலுக்கு முன்தேதியிட்டு விலக்கு அளித்தது. ஆனால் புதிய பண்ணைகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும், பதிவு கட்டாயம் என்ற விதிகள் வந்தன. 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, சிறைத் தண்டனைக்குப் பதில் அபராதம் என்றானது.

பண்ணைக்காரர்களும் நம்மைப் போல் முதல் போட்டுத் தொழில் செய்பவர்களே. ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது என்பதும் மெய். ஆயினும் 1994-95-இல் பரவிய நோயில் ஆந்திரத்திலும் தமிழகத்திலும் குளம் குளமாக இறால் செத்து மடிந்தது. நெருக்கமாக வளர்த்து, ஒருவர் கழிவையே மற்றவர் நீராக இறைத்ததன் பலனை அவர்களும் அனுபவித்தார்கள்.

ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியருக்கு 2008-இல் ஸ்வீடன் நாட்டின் ‘வாழ்வுரிமை விருது’ வழங்கப்பட்டது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் தம் 98-வது வயதில் காலமானார்.

நமக்கான பாடம்

நம் வட்டாரத்தில் கடல் இல்லை, ஏரிகள் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் எத்தனை கடைகளில், குடோன்களில் அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் நனைந்து வீணாயின! அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. ஏரியையும் வரத்துக் கால்வாயையும் தூர்த்து மனை போட்டவரின் லாபம் அன்றே முடிந்த கணக்கு. நஷ்டம் மட்டும் மழைதோறும் நம் கல்லாவுக்கு வருகிறது.

எனவே கடைக்கோ குடோனுக்கோ மனை வாங்கும் உறுப்பினர்கள், விற்பவர் காட்டும் பத்திரத்தோடும் வில்லங்கச் சான்றோடும் நின்றுவிட வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, நிலம் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்காக இருந்ததா என்று சரிபார்க்க வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நாளை அகற்றும் நோட்டீசு வரும்போது, மனை விற்றவர் முகவரி கிடைக்காது.

பக்கத்து ஆலையின் கழிவால் கிணறோ கடைச் சரக்கோ கெட்டால் முறையிடவும் இடம் உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இயங்குகிறது. இழப்பீட்டு மனுவுக்கு, பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டு காலக்கெடு. தேதியிட்ட புகைப்படம், தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு, புகார் மனுக்களின் நகல், இருப்புப் பதிவேடு ஆகியவற்றை அன்றன்றே எடுத்து வைப்பவர் கை அங்கே ஓங்கும்.

பற்றும் வரவும் ஒரே ஏட்டில் இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கற்றுத் தந்த தொழில் தர்மம். கடலோர நிலக்காரர்களுக்காக மேத்தா நீதிமன்றத்தில் கேட்டதும் அதைத்தான். நம் ஏரிக்கரையிலும் அந்தக் கணக்கைக் கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை.