கண்ணாடிக்குக் கீழே என் கடல்

மன்னார் வளைகுடாவில், அடியில் கண்ணாடி பதித்த படகில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போவது என் வேலை. பவளப்பாறைக்கு மேலே வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவேன். கிளிமீன் பாறையைக் கொறிப்பதைப் பார்த்துக் குழந்தைகள் கூவும்போது, வீட்டுக் கவலையெல்லாம் கரைந்துபோகும். கடல்தான் எனக்கு மருந்து.

2016 கோடையில் அந்த மருந்தே நோயில் விழுந்தது. பவளம் ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் நிறத்தையும் உணவின் பெரும்பங்கையும் தருகிறது. கடல்நீர் வாரக்கணக்கில் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். அந்தக் கோடையில் அதுதான் நடந்தது: மான்கொம்புப் பவளம் எலும்பு போல வெளுத்துக் கிடந்தது. "அண்ணே, வெள்ளையா எவ்வளவு அழகா இருக்கு!" என்றார் ஒரு பயணி. எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சொந்த இடம் கண்ணெதிரே சிதைவதால் வரும் இந்த வேதனைக்கு ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் 'சோலஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். ஊரிலேயே இருந்துகொண்டு ஊருக்கு ஏங்குவது. இயற்கையோடு ஒட்டி வாழ்கிறவருக்கு ஆறுதலும் அதிகம், அடியும் அதிகம்.

சூடு தணிந்தால் சில பவளங்கள் மீளும். இப்போது பயணிகளுக்கு வெளுத்த கிளையைக் காட்டுகிறேன். பக்கத்திலேயே விரல்நுனி அளவில் துளிர்க்கும் பவளத்தையும் காட்டுகிறேன். நடந்ததை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லும்போது பாரம் பாதியாகிறது.