பணம் அனுப்பினால் மட்டும் போதுமா?

பரமத்தி வேலூர்த் தாலுகாவில் கொடிக்காலையும் வாழைத் தோட்டத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் கடல் கடந்த தேசங்களிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். ஊரில் தனித்துவிட்ட பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாபமென்று நாம் சொல்லமாட்டோம். நல்ல இல்லம் தனிமையைவிட மேலானதே. சேர்த்த பின்னர், மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவதையே நாம் கண்டிக்கிறோம்.

2023 பிப்ரவரியில், விழுப்புரம் ஜில்லா குண்டலப்புலியூரிலிருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தைப் பற்றி வெளியான செய்திகள் தமிழ்நாட்டைத் திடுக்கிடச் செய்தன. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணோமென்று சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுச் செய்யப்பட்ட பிறகே அதிகாரிகள் உள்ளே நுழைந்தனர். உரிய அனுமதியின்றி நடந்த அவ்விடத்திலிருந்து 140க்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்துத் துன்புறுத்தியதாகப் புகார்கள் எழுந்தன; வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசாருக்கு மாற்றப்பட்டது. குற்றத்தைத் தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. உறவினர் ஒருவர் தேடிப் போனதால்தான் கதவு திறந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இது ஓரிடத்து விபரீதமன்று. கடந்த ஓராண்டில் முதியோரிடம் ஏதோ ஒரு வகையில் தகாத முறையில் நடந்துகொண்டதாக, இத்தகைய ஸ்தாபனங்களின் சிப்பந்திகளில் மூவரில் இருவர் தாமே ஒப்புக்கொண்டிருப்பதாய் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

கொடுமை எப்போதும் அடியாக வருவதில்லை. பெரும்பாலும் அசிரத்தையாகவே வருகிறது. இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப் புண் இருந்தால், படுத்தவரை வேளைக்கு வேளை புரட்டிப் படுக்க வைக்கவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். நாக்கு உலர்ந்து, பேச்சுக் குழறினால் குடிநீர் கிடைக்கிறதா என்று பாருங்கள். கை வளையல் நழுவுமளவு உடல் மெலிந்தால் உணவைப் பற்றி விசாரியுங்கள். பகலெல்லாம் மயங்கிக் கிடந்தால் என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது என்று கேளுங்கள். இரு மணிக்கட்டிலும் தழும்பு, மேற்கையில் விரல் பதிந்த கன்றல், காணாமற்போன மூக்குக் கண்ணாடி, எதற்கென்று தெரியாமல் வைத்த கைநாட்டு ஆகியவை அபாய அறிகுறிகள். கேள்விக்குப் பதில் சொல்லுமுன் தாயார் சிப்பந்தியின் முகத்தைப் பார்த்தால் அதைவிடப் பெரிய அறிகுறி வேறில்லை.

அவசரப்பட்டுப் பழி சுமத்துவதும் நியாயமன்று. முதியோரின் தோல் மெல்லியது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போருக்குச் சிறிது இடித்தாலும் கன்றிவிடும். எப்போது, எப்படி நேர்ந்தது, யார் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். பதில் மாறி மாறி வந்தாலும், தாயாரிடம் தனித்துப் பேச அனுமதி மறுத்தாலும் தாமதிக்கலாகாது. புண்ணைப் படமெடுத்து, தேதியுடன் குறித்து, வெளி டாக்டரிடம் காட்டி, கலெக்டரிடமும் சமூக நல அதிகாரியிடமும் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? 2007ம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 24வது பிரிவு, முதியவரை அடியோடு கைவிடும் எண்ணத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் கட்டணம் செலுத்திவிட்டு எட்டிப் பாராத பிள்ளையை அது எளிதில் தொடாது. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் விதிக்க 2019 டிசம்பரில் லோக்சபையில் கொணர்ந்த திருத்த மசோதா, 2024ல் சபை கலைந்ததும் காலாவதியாயிற்று. இன்று எண்பதைத் தொடுபவர்கள் நம் தேசம் சுதந்திரம் பெற்ற காலத்துக் குழந்தைகள். அவர்களுடைய கடைசி நாட்களுக்குச் சுதந்திர சர்க்கார் காவலளிக்காவிட்டால் வேறு யார் அளிப்பது? அம்மசோதாவை மீண்டும் கொண்டுவர நம் பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும்.

அதுவரை காத்திருக்க அவசியமில்லை. பொங்கலுக்கும் ஆடிப் பெருக்குக்கும் ஊர் வரும் அன்பர்கள், பண்டிகையன்று போகாமல் மற்றொரு நாள், முன்னறிவிப்பின்றி, சாப்பாட்டு வேளையில் இல்லத்துக்குப் போகட்டும். கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டவரும் அவ்வப்போது போய்ப் பார்க்கிறார். பெற்றவர்களுக்கு அந்த அளவு கவனமாவது கிடைக்க வேண்டாமா?